வியர்வையும் ஆசனமும்: சூட்டறை யோகத்துக்குப் போகுமுன்

மெர்போக் வட்டாரத்துத் தோட்டங்களிலே பால்மரம் வெட்டிப் பழகியவர்களுக்கு உஷ்ணத்தைப் பற்றி எவரும் பாடம் சொல்ல வேண்டுவதில்லை. விடியுமுன் பெரட்டுக்கு நிற்பதும், இருள் பிரியும்போதே வெட்டத் தொடங்குவதும், வெயில் ஏறுமுன் நிரையை முடிப்பதும் அங்கே பழைய கட்டளை. ஆள்மீது கொண்ட இரக்கத்தால் பிறந்த கட்டளை அன்று அது. வெயில் ஏறினால் இலைகள் நீரை இழக்கும். பட்டையினுள் இருக்கும் அழுத்தம் தளரும். பால் ஒழுகுவது குறைந்துபோகும். மரத்தை நினைத்து வகுத்த அந்த நேரக் கணக்கு, ஆளையும் நடுப்பகல் வெயிலிலிருந்து ஓரளவு காத்தது. அத்தகைய தோட்டங்களில் பிறந்த பிள்ளைகள் இன்று கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் குளிரூட்டிய அலுவலகங்களில் வேலை பார்க்கிறார்கள். அவர்களிலே சிலர் மாலையில் காசு கொடுத்து, வேண்டுமென்றே சூடாக்கப்பட்ட ஓர் அறைக்குள் புகுந்து ஆசனம் பயில்கிறார்கள் என்று கேட்டால், வீட்டிலுள்ள பெரியவர்கள் சிரிக்காமல் என்ன செய்வார்கள்?

ஆனால் சிரித்துவிட்டு மறந்துபோகக் கூடிய செய்தியும் அன்று இது. விடுமுறைக்கு ஊர் வரும் பிள்ளைகள், தங்களுக்குக் கிட்டிய நன்மை தாய் தந்தையருக்கும் கிட்டட்டுமே என்று ஆசைப்படுவது இயல்பு. அந்தத் தாய் தந்தையரோ பெரும்பாலும் சர்க்கரை நோய்க்கும் இரத்தக் கொதிப்புக்கும் மாத்திரை விழுங்குகிறவர்கள். மலேசியாவில் 2019-ஆம் ஆண்டு நடந்த தேசிய சுகாதார ஆய்வு, வயது வந்தோரில் நூற்றுக்கு 18 பேருக்கு மேல் நீரிழிவு உடையவர்கள் என்று கண்டது. இனவாரியாகப் பார்க்கையில் இந்தியரிடையே அது மிக அதிகமாயிருந்தது. ஆகவே சூட்டறை யோகம் என்பது யாது, உடலுக்குள் அது செய்வது என்ன, போகிறவர் எவ்வாறு ஆயத்தமாக வேண்டும், போகலாகாதவர் யார் என்பனவற்றைச் சற்று நிதானமாகப் பார்ப்பது நல்லது.

இப்பயிற்சியின் வேர் வங்காளத்தில் இருக்கிறது. பரமஹம்ச யோகானந்தரின் தம்பியான விஷ்ணு சரண் கோஷ் 1923-இல் கல்கத்தாவில் ஓர் உடற்பயிற்சிக் கல்லூரியை நிறுவினார். தசை வளர்ப்பையும் ஆசனங்களையும் இணைத்துப் போதித்தவர் அவர். அவர் வழியில் வந்த பிக்ரம் சௌத்ரி என்பவர் 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் பயிற்சிப் பள்ளி நடத்தலானார். அறையை 105 டிகிரி பாரன்ஹீட், அதாவது 40 டிகிரி செல்சியசுக்குச் சற்று மேலாகச் சூடாக்க வேண்டும். காற்றிலே ஈரப்பதம் நூற்றுக்கு 40 இருக்க வேண்டும். 26 ஆசனங்களையும் 2 மூச்சுப் பயிற்சிகளையும் 90 நிமிடத்தில் மாறாத வரிசையில் செய்ய வேண்டும். இதுதான் அவர் வகுத்த முறை. நின்றபடி செய்யும் மூச்சுப் பயிற்சியில் தொடங்கிக் கபாலபாதியில் முடியும். இடையிலே வருவன அர்த்த சந்திராசனம், கருடாசனம், திரிகோணாசனம், புஜங்காசனம், தனுராசனம், உஷ்டிராசனம் முதலிய பழக்கமான பெயர்களே. கல்கத்தாவின் கோடையைக் குளிர்நாட்டு அறைக்குள் கொண்டுவருவதே சூட்டின் நோக்கம் என்று சொல்லப்பட்டது. குளிரால் விறைத்த தசைகள் இளகுவதற்கு அங்கே அது தேவையாயிருக்கலாம்.

இந்த வரிசை தமக்கே உரியது என்று அவர் வழக்காடியதும் உண்டு. உடல்நலத்துக்கான ஒரு முறையை நூலுரிமைச் சட்டத்தால் காக்க இயலாது என்று அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று 2015-இல் தீர்ப்பளித்தது. அவரிடம் சட்ட ஆலோசகராயிருந்த பெண்மணி ஒருவர் தொடுத்த பாலியல் தொல்லை வழக்கிலே, 2016-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்து நடுவர் குழு அவருக்கு எதிராகவே முடிவு கூறியது. அதன் பின்னர்ப் பல பயிற்சி நிலையங்கள் அவர் பெயரை நீக்கிவிட்டு, சூட்டு யோகம் என்ற பொதுப் பெயரை மட்டும் வைத்துக்கொண்டன. இன்றைய நிலையங்களில் வெப்பநிலையும் வரிசையும் இடத்துக்கு இடம் மாறும். ஆகையால் சேருமுன் அறையின் சூடு எத்தனை டிகிரி என்று கேட்டுத் தெரிந்துகொள்வது முதல் வேலை.

பழைய யோக நூல்கள் இதுபற்றி என்ன சொல்கின்றன? சுவாத்மாராமர் இயற்றிய ஹட யோகப் பிரதீபிகை 15-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்பர். யோகி பயிலும் குடிலைச் சுற்றி ஒரு வில்லின் நீளத்துக்குள் கல்லும் நீரும் நெருப்பும் இருத்தலாகாது என்று அந்நூல் இலக்கணம் வகுக்கிறது. புதிதாகத் தொடங்குகிறவர் நெருப்பருகே குளிர் காய்வதையும் தவிர்க்கச் சொல்கிறது. வியர்வையைப் பற்றியும் அதிலே பேச்சு உண்டு. ஆனால் அது பிராணாயாமத்தின் முதற்படியிலே உள்ளிருந்து எழும் வியர்வை. அடுப்பு மூட்டி வரவழைத்த வியர்வையை அந்நூலாசிரியர் அறியார்.

மலையாத் தோட்டங்களோடு தொடர்புள்ள ஒருவரை இங்கே நினைவுகூர வேண்டும். திருநெல்வேலிச் சீமை பத்தமடையில் 1887-இல் பிறந்த குப்புசாமி என்ற இளைஞர், தஞ்சையில் மருத்துவம் பயின்று, 1913-இல் கப்பலேறி மலையாவுக்கு வந்தார். நெகிரி செம்பிலானில் ரப்பர்த் தோட்ட மருத்துவமனையில் பணி ஏற்று, ஏறத்தாழப் பத்தாண்டுகள் இந்நாட்டிலே மருத்துவராக இருந்தார். 1923-இல் தாயகம் திரும்பித் துறவு பூண்டு, ரிஷிகேசத்தில் சுவாமி சிவானந்தர் ஆனவர் அவரே. 1936-இல் அவர் நிறுவிய தெய்வநெறிக் கழகத்துக்குப் பத்துமலை அருகே ஆசிரமம் உண்டு. அவருடைய மாணவர் விஷ்ணுதேவானந்தர் கனடாவிலும் அமெரிக்காவிலும் ஆசனப் பயிற்சியைப் பரப்பினார். அவையும் பனிபெய்யும் நாடுகளே. எனினும் அந்தப் பரம்பரையில் 40 டிகிரிக்கு அறையைச் சூடாக்கும் வழக்கம் தோன்றவில்லை.

இனி உடலுக்குள் நடப்பதைக் காண்போம். மனித உடலின் உள்வெப்பம் ஏறக்குறைய 37 டிகிரி செல்சியஸ். தசைகள் உழைக்கையில் உள்ளே வெப்பம் பிறக்கிறது. அதை இரத்தம் தோலுக்குக் கொண்டுவருகிறது. தோலின் வெப்பம் சுமார் 35 டிகிரி. சுற்றியுள்ள காற்று அதைவிடக் குளிர்ந்ததாயின், வெப்பம் தானே வெளியேறிவிடும். சூட்டறையிலோ காற்று 40 டிகிரி. அங்கே வெப்பம் திசை மாறி, வெளியிலிருந்து உடலுக்குள் பாய்கிறது. அப்போது எஞ்சியிருக்கும் ஒரே வாயில் வியர்வைதான்.

வியர்வை எப்படிக் குளிர்விக்கிறது என்பதிலேதான் பலருக்கு மயக்கம். மண்பானையை நினைத்துப் பார்த்தால் தெளிவாகும். பானையின் நுண்துளைகள் வழியே கசியும் நீர் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துச் செல்வதால் உள்ளிருக்கும் தண்ணீர் குளிர்கிறது. அதே பானை அடைமழை நாளில் அவ்வளவு குளிராது. காற்றிலே ஈரம் நிறைந்திருப்பதால் கசிந்த நீர் ஆவியாக இடமில்லை. அன்று கொடியில் போட்ட துணி காயாததும் அதனாலேயே. உடலும் அவ்வாறே. ஒரு லிட்டர் வியர்வை முழுதும் ஆவியானால் ஏறத்தாழ 580 கிலோ கலோரி வெப்பத்தை அது வாங்கிச் செல்லும். ஆவியாகாமல் முதுகில் வழிந்து பாயிலே சொட்டிய வியர்வை எதையும் வாங்கிச் செல்வதில்லை. அது வெறும் நஷ்டம். கதவடைத்த அறையிலே முப்பது நாற்பது பேர் ஒருங்கே வியர்த்து மூச்சு விடும்போது, காற்றின் ஈரம் ஏறிக்கொண்டே போகும். வியர்வை அதிகமாகச் சொட்டுவது பயிற்சியின் சிறப்பு என்று எண்ணுகிறவர்கள், குளிராத பானையைப் பார்த்து மகிழ்கிறவர்கள் ஆவர்.

வியர்வையோடு உடலின் நஞ்செல்லாம் வெளியேறும் என்ற பேச்சும் பரவலாக உண்டு. வியர்வை பெரும்பாலும் தண்ணீர். அதிலே உப்பு உண்டு, சிறிதளவு பொட்டாசியமும் யூரியாவும் உண்டு. கழிவை நீக்கும் வேலை கல்லீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் உரியது. அதிகமாக வியர்த்து நீர் குறைந்தால் சிறுநீரகத்தின் அந்த வேலைக்கே இடையூறு. வகுப்பு முடிந்ததும் நிறை பார்த்து, ஒரு கிலோ இளைத்துவிட்டது என்று பூரிப்பதும் இவ்வகையே. இளைத்தது தண்ணீர். இரண்டு வேளை சாப்பாட்டுக்குள் அது திரும்பி வந்துவிடும், வரவும் வேண்டும்.

அப்படியானால் நன்மையே இல்லையா? உண்டு. அமெரிக்காவின் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2013-இல் வெளியிட்ட ஆய்வில், ஆரோக்கியமான இளைஞர்கள் எட்டு வாரங்களில் 24 வகுப்புகள் செய்தபின், இடுப்பும் தோளும் நன்கு வளைந்தன. முதுகு, கால் தசைகளின் வலிமையும் ஓரளவு கூடிற்று. ஆனால் இதயமும் நுரையீரலும் தாங்கும் ஆற்றல் குறிப்பிடத்தக்க அளவில் உயரவில்லை. வகுப்பு ஒன்றில் செலவாகும் கலோரியையும் அவர்கள் அளந்தார்கள்: ஆண்களுக்குச் சுமார் 460, பெண்களுக்குச் சுமார் 330. அதே நேரம் வேகமாக நடந்தாலும் அவ்வளவுதான் செலவாகும். மாஸச்சூஸெட்ஸ் பொது மருத்துவமனையார் 2023-இல் வெளியிட்ட ஆய்விலே, மனச்சோர்வு நோய் உடையவர்களுக்கு எட்டு வாரச் சூட்டு யோகம் நல்ல குணம் அளித்தது. ஆனால் அவர்களோடு ஒப்பிடப்பட்டவர்கள் பயிற்சிக்காகக் காத்திருந்தவர்கள். ஆகையால் குணம் அளித்தது சூடா, யோகமா, கூடிப் பயின்ற உற்சாகமா என்று அதைக்கொண்டு பிரித்துச் சொல்ல முடியாது.

பிரித்துச் சொல்ல முயன்ற ஆய்வு டெக்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தாருடையது, 2018-இல் வெளிவந்தது. 40 முதல் 60 வயது வரையுள்ள, உடற்பயிற்சிப் பழக்கம் இல்லாதவர்களை எடுத்துக்கொண்டு, ஒரு குழுவுக்கு 26 ஆசனங்களையும் சூட்டறையிலும், மற்றொரு குழுவுக்கு அதே ஆசனங்களைச் சாதாரண அறையிலும் 12 வாரம் பயிற்றினார்கள். இரத்தக் குழாய் தேவைக்கேற்ப விரிந்து கொடுக்கும் தன்மை இரு குழுவுக்கும் மேம்பட்டது; சூட்டினால் தனி ஏற்றம் இல்லை. மெர்போக்கில் உள்ளவர்கள் கவனித்துக்கொள்ள வேண்டிய செய்தி இதுவே. அந்தச் சாதாரண அறையின் வெப்பம் 23 டிகிரி. ஜெராய் மலையடியிலே விடியற்காலையில் வீட்டு வராந்தாவில் ஏறக்குறைய அந்த வெப்பமே இருக்கும். 26 ஆசனங்களின் பலனைப் பெற வேண்டுபவருக்கு ஒரு பாயும் அந்த நேரமும் போதும்.

பின்லாந்து நாட்டார் மரத்தாலான நீராவி அறைகளில் உட்கார்ந்து நலம் பெறுகிறார்களே என்று கேட்கலாம். அந்நாட்டின் கிழக்குப் பகுதியில் 2,315 ஆண்களை ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கவனித்து 2015-இல் வெளியிட்ட ஆய்வில், அடிக்கடி அவ்வறைக்குச் செல்கிறவர்களிடையே இதய நோய் மரணம் குறைவாயிருந்தது மெய்யே. ஆனால் அவர்கள் ஆசனம் எதுவும் செய்வதில்லை. வறண்ட சூட்டிலே சில நிமிடங்கள் உட்கார்ந்துவிட்டு வெளியே குளிரில் வந்து நிற்கிறார்கள். ஒன்றரை மணி நேரம் ஒற்றைக்காலில் நிற்பதும் வளைவதும் வேறு.

இவ்வளவும் தெரிந்தபின்னும் போக விரும்புகிறவர் உண்டு. உடல் நலமுள்ள இளைஞராயின் போவதில் தவறில்லை, ஆயத்தத்தோடு போனால். முதல் ஆயத்தம் உஷ்ணத்துக்குப் பழகுதல். புதிய உஷ்ணத்துக்கு உடல் பழக 10 முதல் 14 நாள் பிடிக்கும். அதற்குள் இரத்தத்தின் நீர்ப்பகுதி பெருகும். வியர்வை முன்னைவிட விரைவில் தொடங்கும். அதில் போகும் உப்பு குறையும். வெயிலில் உழைப்பவருக்கு இப்பழக்கம் பெரும்பாலும் இருக்கும். நாள் முழுதும் குளிரூட்டிய அறையில் இருப்பவருக்குச் சில வாரங்களிலேயே அது போய்விடும். தோட்டத்துப் பிள்ளை என்ற பெயர் வியர்வைச் சுரப்பிகளுக்குத் தெரியாது. ஆகையால் முதல் இரண்டு வாரம் பாதி நேரம் மட்டும் செய்து, கதவுக்கு அருகில் இடம் பிடித்துக்கொண்டு, தலை கிறுகிறுத்தால் அங்கேயே உட்கார்ந்துவிட வேண்டும். வகுப்பு முடியும்வரை ஒருவரும் வெளியேறக் கூடாது என்று விதிக்கும் ஆசிரியரிடம் பயில்வதைவிட, பயிலாமலிருப்பது மேல்.

இரண்டாவது, தண்ணீர். வகுப்புக்குப் புறப்படும் வேளையில் ஒரு போத்தல் நீரை மடமடவென்று குடிப்பதனால் வயிறுதான் குலுங்கும். காலையிலிருந்தே சிறுகச் சிறுகக் குடித்து வர வேண்டும். சிறுநீர் வெளிர்மஞ்சளாக இருந்தால் போதிய நீர் இருக்கிறது என்று கொள்ளலாம். ஒன்றரை மணி நேரத்தில் ஒரு லிட்டருக்கு மேல் வியர்ப்பது சாதாரணம். வகுப்புக்கு முன்னும் பின்னும் நிறை பார்த்தால் கணக்குத் தெரியும்: ஒரு கிலோ குறைந்தால் ஒரு லிட்டர் போயிற்று. அதையும் அதற்குச் சற்று மேலாகவும் அடுத்த சில மணி நேரத்தில் ஈடு செய்ய வேண்டும். வெறும் தண்ணீரையே அளவு மீறிக் குடிப்பதும் ஆபத்து. இரத்தத்தில் உப்பு நீர்த்துப்போய்த் தலைவலி, வாந்தி, மயக்கம், சில வேளை வலிப்பும் காணும். உப்புப் போட்ட நீராகாரமும் நீர்மோரும் அதற்கு நல்ல மாற்று. வெட்டு முடிந்து வந்தவர்கள் உப்புக் கஞ்சி குடித்ததில் இந்த நியாயம் இருந்தது. இளநீரில் பொட்டாசியம் மிகுதி, உப்பு குறைவு. அதை மட்டும் நம்பலாகாது.

உணவைப் பொறுத்தவரை, வயிறு நிறைய உண்டபின் இரண்டு மூன்று மணி நேரம் கழிய வேண்டும். முழுப் பட்டினியும் ஆகாது. உடை மெல்லியதாகவும் தளர்ந்ததாகவும் இருப்பது நலம். வியர்வையை உள்ளே அடைத்து வைக்கும் ரப்பர் உடையை அணிந்து இன்னும் வியர்க்க முயல்வது மதியீனம். பாயின்மேல் ஒரு துவாலை விரித்தால் கால் வழுக்காது. சூட்டிலே தசைநார்கள் வழக்கத்துக்கு மேல் இளகுவதால், வலி தெரியாமலே எல்லை மீறி வளைந்துவிடுவதுண்டு; வலி மறுநாள்தான் தெரியும். வழக்கமாக எவ்வளவு குனிய முடியுமோ அதோடு நிறுத்திக்கொள்வது உத்தமம்.

இனிப் போகலாகாதவர்கள். கர்ப்பிணிகள், இதய நோய், சிறுநீரக நோய் உடையவர்கள், காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ கண்டு தேறுகிறவர்கள், முன்னொரு முறை வெப்பத் தாக்கம் கண்டவர்கள் ஆகியோர் இதை விட்டுவிட வேண்டும். இரத்தக் கொதிப்புக்கு மருந்து உண்பவர்களில் பலருக்கு நீர் பிரியும் மாத்திரையும் சேர்த்துக் கொடுக்கப்பட்டிருக்கும். அது ஒருபுறம் நீரை இறக்க, வியர்வை மறுபுறம் இறக்கினால், குனிந்து நிமிரும்போது கண் இருண்டு விழ நேரிடும். நாடித்துடிப்பை அடக்கும் மருந்து உண்பவரின் இதயம், உஷ்ணத்துக்கு ஈடாக ஓட முயன்றாலும் ஓட முடியாது.

சர்க்கரை நோயாளிகளுக்கு ஆபத்து வேறு வகையிலும் மறைந்திருக்கிறது. சர்க்கரை திடீரெனத் தாழ்ந்தால் உடல் வியர்க்கும், நடுங்கும், நெஞ்சு படபடக்கும். நோயாளியும் வீட்டாரும் நம்பியிருக்கும் எச்சரிக்கை இதுவே. அறையில் உள்ள அனைவரும் வியர்த்து நடுங்கிக்கொண்டிருக்கும்போது, இந்த எச்சரிக்கையை யார் கண்டுகொள்வார்? உஷ்ணத்தில் இன்சுலின் ஊசி மருந்து வழக்கத்தைவிட விரைவாக இரத்தத்தில் சேருவதும் உண்டு. நெடுநாள் நோயாளிகளுக்கு நரம்பு பழுதுற்று, பாதத்தில் உணர்ச்சியும் வியர்வையும் குன்றியிருக்கும். வியர்க்க வேண்டிய இடத்தில் வியர்க்காத உடல் வெப்பத்தை எவ்வழியே வெளியேற்றும்? கண்ணின் உட்திரையில் இரத்தக் குழாய் கெட்டிருப்பவர் தலைகீழாகக் குனியும் ஆசனங்களைச் செய்வதே கூடாது, அறை சூடாயினும் குளிராயினும். மகன் பணம் கட்டிவிட்டான் என்பதற்காகத் தாய் போக வேண்டியதில்லை. அவரைப் பரிசோதிக்கும் மருத்துவரைக் கேட்டு, வீட்டிலே எளிய ஆசனங்களைக் காலை வேளையில் செய்து வரலாம், நடக்கலாம்.

பழகியவர்களுக்கு அபாயமில்லை என்றும் எண்ண வேண்டாம். அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்து லா கிராஸ் கிளையினர், 2015-இல் வெளிவந்த ஓர் ஆய்வுக்காக, இப்பயிற்சியில் நன்கு தேர்ந்த 20 பேருக்கு உள்வெப்பம் அளக்கும் சிறு குளிகைகளை விழுங்கக் கொடுத்து அளந்தார்கள். வகுப்பு முடியும் தறுவாயில் ஆண்களின் உள்வெப்பம் சராசரி 103 டிகிரி பாரன்ஹீட்டைத் தாண்டியது. பெண்களுக்கு 102-ஐ எட்டிற்று. ஒருவருக்கு 104-க்கும் மேலே போயிற்று. 104 என்பது வெப்பத் தாக்கத்தின் வாசல். இத்தனைக்கும் அவர்களில் எவரும் தமக்கு ஆபத்து நெருங்கியதாக உணரவில்லை.

மலேசிய வானிலை ஆய்வுத் துறை, ஓரிடத்தில் பகல் வெப்பம் தொடர்ந்து மூன்று நாள் 35 டிகிரி செல்சியஸை எட்டினாலே எச்சரிக்கை விடுக்கிறது. 2016 ஏப்ரலில் வெப்பம் 37 டிகிரியைத் தாண்டியபோது பெர்லிஸிலும் கெடாவின் சில பகுதிகளிலும் பள்ளிகளை மூடினார்கள். அத்தகைய நாட்களில் வெளியே அலைந்து வந்தவர் அன்று மாலையே சூட்டறைக்குள் நுழைவது தகாது.

வகுப்பிலோ வெளியிலோ ஒருவருக்குப் பேச்சுக் குழறி, நடை தள்ளாடி, கேட்ட கேள்விக்குப் பொருத்தமில்லாத விடை வந்தால், அது வெறும் களைப்பு அன்று. மூளையைச் சூடு தாக்கத் தொடங்கிவிட்டது என்று கொள்ள வேண்டும். வியர்வை நின்றிருக்க வேண்டும் என்று காத்திருக்கலாகாது. உழைப்பின்போது வரும் வெப்பத் தாக்கத்தில் வியர்வை ஓடிக்கொண்டேயும் இருக்கும். உடனே அவரை வெளியே கொண்டுவந்து, மேலாடையைத் தளர்த்தி, கிடைத்த குளிர்ந்த நீரை உடல் முழுதும் ஊற்றி விசிற வேண்டும். கழுத்திலும் அக்குளிலும் தொடையிடுக்கிலும் பனிக்கட்டி வைக்கலாம். நினைவு தப்பியவர் வாயில் தண்ணீர் ஊற்றலாகாது. ஒருவர் 999-க்குத் தொலைபேசியில் அழைக்க, மற்றவர் குளிர்விப்பதை நிறுத்தாமல் செய்துகொண்டிருக்க வேண்டும். வண்டி வரட்டும் என்று கைகட்டி நிற்கும் அந்தப் பத்து இருபது நிமிடங்களிலேதான் உயிர் போகிறது.